மேசைமேல் ஆரியங்காவுக் கணவாய்

மாடல் ரயில் ஒன்றைத் தண்டவாள மட்டத்துக்குக் குனிந்து நல்ல கேமராவில் படம் பிடித்துக் காட்டினால் பலர் ஏமாந்துபோவார்கள். துருவேறிய வேகன், எண்ணெய்க் கறை படிந்த எஞ்சின், ஜல்லிக் கற்களுக்கிடையே முளைத்த புல் எல்லாம் கண்ணுக்கு நிஜமாகவே தெரியும். அதே மாடலை ஓடவிட்டு வீடியோவாகக் காட்டுங்கள். இரண்டு நொடியில் ஒரு சிறு குழந்தைகூட ‘பொம்மை ரயில்’ என்று சொல்லிவிடும். வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் ஏதோ ஒன்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. உருவத்தில் தெரியாத எந்தக் குறை ஓட்டத்தில் தெரிகிறது?

பயணிகள் ரயிலைவிடச் சரக்கு ரயிலில்தான் இந்தக் குறை பளிச்சென்று தெரியும். கூட்ஸ் வண்டியின் குணமே அதன் கனம்தான். முக்கி முனகிப் புறப்படும், நிற்கச் சொன்னால் உடனே நிற்காது, ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் டிரைவரைக் கண்ணயரவிடாது. இவை எல்லாவற்றையும் ஒரே பாதையில் பார்க்க வேண்டுமானால் நம் ஊர்ப் பக்கத்திலேயே அருமையான இடம் இருக்கிறது.

ஆய்க்குடியில் அனுமன் நதிக்கரையில் நின்று மேற்கே பார்த்தால், வயல்களுக்கு அப்பால் மலைத்தொடர் வானத்தை மறித்து நிற்கிறது. அந்த மலைச்சுவர் தாழ்ந்து வழிவிடும் இடம்தான் செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய். தென்காசிச் சீமைக்குச் சாரலும் குளிர்காற்றும் வருவது அந்த வழியாகத்தான். கொல்லத்தையும் திருநெல்வேலியையும் இணைக்கும் மீட்டர்கேஜ் ரயில் பாதையும் 1904-இல் அந்த வழியாகவே போனது. திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து போட்ட பாதை அது. செங்கோட்டை தாண்டிப் பகவதிபுரம், மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுரங்கம், ஆரியங்காவு, பதின்மூன்று வளைவுகளுடைய கல்பாலம், தென்மலை, எடமண், புனலூர். மலைப்பகுதியில் ஏற்றம் சுமார் 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். ரயிலுக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். மும்பைக்கும் புனேவுக்கும் இடையே பெயர்பெற்ற போர்காட் மலைப்பாதையின் ஏற்றமும் இதே அளவுதான். 2010-இல் மீட்டர்கேஜ் ரயில்கள் நின்றன. 2018-இல் அதே கணவாயில் அகலப்பாதை வண்டிகள் ஓடத் தொடங்கின.

இந்தப் பாதையை ஓர் அறைக்குள் கொண்டுவர வேண்டும், அதில் ஒரு கூட்ஸ் வண்டி நிஜம்போல் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதைச் சுருக்க முடிகிறது, எது சுருங்க மறுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

உலகில் அதிகம் புழங்கும் மாடல் அளவுக்கு ‘எச்.ஓ’ என்று பெயர். நிஜத்தில் 87 மீட்டர் என்றால் மாடலில் ஒரு மீட்டர். ஹாம்பர்க் நகரத்தின் புகழ்பெற்ற ‘மினியேச்சர் வுண்டர்லாண்ட்’ இந்த அளவில்தான் இருக்கிறது. இந்த விகிதத்தை அளவுவீதம் என்று அழைக்கலாம். செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 87-ஆல் வகுத்தாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. எந்த வீட்டிலும் அடங்காது. ஆகவே சுரங்கம், பாலம், இரண்டு ஸ்டேஷன் எனத் தேர்ந்தெடுத்துத்தான் கட்ட முடியும். நல்லவேளையாக அந்தப் பதின்மூன்று கண் பாலம் நிஜத்திலேயே நூறு மீட்டரை ஒட்டிய நீளம்தான். மாடலில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஒரு வளைவைக்கூட விட்டுவிடாமல் முழுப் பாலத்தையும் மேசையில் வைத்துவிடலாம்.

தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலத்திலும் மீட்டர்கேஜ் நமக்குச் சாதகம். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்கு 19.3 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் எச்.ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஏனென்றால் அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்குமான 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்தது. நம் அகலப்பாதை எஞ்சினை அதில் ஏற்றினால் கால் ஒடுங்கித் தெரியும். மீட்டர்கேஜுக்கு வேண்டியது 11.5 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்பனையில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. வளைவிலும் இதே கதைதான். அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூரிய வளைவின் ஆரம் 175 மீட்டர்; மாடலில் அது இரண்டு மீட்டர். மீட்டர்கேஜில் 109 மீட்டர், மாடலில் ஒன்றேகால் மீட்டர். சிறிய அறையில் ரயிலைத் திருப்ப வேண்டுமானால் இந்த முக்கால் மீட்டர் பெரிய சலுகை.

இவ்வளவு வரை அளவுநாடா வைத்துக்கொண்டு வகுத்தாலே போதும். ஏற்றத்துக்கு வந்ததும் முதல் ஆச்சரியம். 37-க்கு 1 என்பது ஒரு விகிதம், அதற்கு அளவுவீதம் கிடையாது. ஆரியங்காவு மலையிலும் 37-க்கு 1 தான், மேசையிலும் 37-க்கு 1 தான். மீட்டருக்கு 2.7 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். மலையை எவ்வளவு சுருக்கினாலும் அதன் சாய்வு சுருங்குவதில்லை. அப்படியானால் மேசை மலையும் ரயிலை அதே அளவு வாட்டுமா? வாட்டாது. ஏன் என்பதுதான் சுவாரசியம், அதற்கு எடையைப் பற்றிப் பேச வேண்டும்.

நீளம் 87-இல் ஒரு பங்கு என்றால் அகலமும் உயரமும் அப்படியே. கன அளவு 87-ஐ மூன்று முறை பெருக்கிய பங்கு, அதாவது ஆறரை லட்சத்தில் ஒன்று. மீட்டர்கேஜில் பல்லாண்டு ஓடிய ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சின் 72 டன். ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு 109 கிராம். நிறையச் சரக்கேற்றிய நான்கு அச்சு வேகன் 48 டன் என்றால் மாடலில் 73 கிராம். ஆனால் இந்த எடையில் செய்தால் மாடல் சரியாக ஓடாது. தண்டவாள இணைப்பில் ஒரு தூசி இருந்தால்கூடச் சக்கரம் தாவிவிடும். வளைவில் நீண்ட வண்டியை இழுக்கும்போது நடுவிலுள்ள இலேசான வேகன்கள் உள்பக்கமாக இழுபட்டுக் கவிழும். நிஜ ரயிலிலும் கனத்த வேகன்களுக்கு நடுவே காலி வேகன்களைக் கோத்தால் கூரிய வளைவில் இதே ஆபத்து உண்டு. ஆகவே மாடல்காரர்கள் வேகனுக்குள் ஈயமோ இரும்புத் துண்டோ வைத்துக் கனம் கூட்டுவார்கள். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் ஒரு கணக்கே வகுத்திருக்கிறது: வேகன் ஒன்றுக்கு ஓர் அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். ஆறு அங்குல வேகன் என்றால் நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 113 கிராம். கணக்குப்படி வர வேண்டியதைவிட இது அதிகம். எடை இவ்வளவு கூட்டியும் ஓட்டத்தில் கனம் வருவதில்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பலகையும் ஒரு மாடல் வேகனும் இருந்தால் அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகையில் தண்டவாளத்தை ஒட்டி, மேலே வேகனை நிறுத்துங்கள். பலகையின் ஒரு முனைக்கு அடியில் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். முதல் சென்டிமீட்டரில் வேகன் அசையாது. விரலால் தொட்டுவிட்டால் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். இன்னும் உயர்த்துங்கள். சாதாரண வேகனாக இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் வாக்கில், தொட்டுவிட்ட வேகன் நிற்காமல் ஒரே சீராக உருண்டு இறங்கும். அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முன்னே இழுப்பதும் அச்சிலும் சக்கரத்திலும் உள்ள உராய்வு பின்னே இழுப்பதும் அங்கே சமம். நூறு சென்டிமீட்டருக்கு இரண்டு என்றால், வேகனை உருட்டத் தேவையான விசை அதன் எடையில் நூற்றில் இரண்டு பங்கு. இதற்கு உருட்டுத்தடை என்று பெயர். ஒரு தராசும் இல்லாமல், சாய்வை அளந்தே விசையை அளந்துவிட்டோம்.

நிஜ வேகனில் இது எவ்வளவு? எஃகுச் சக்கரம், எஃகுத் தண்டவாளம், அச்சில் உருளைத் தாங்கி. சமதளத்தில் மெதுவாக ஓடும் வேகனை உருட்ட ஒரு டன்னுக்குச் சுமார் இரண்டு கிலோ இழுவிசை போதும். ஆயிரத்தில் இரண்டு பங்கு. மாடலில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான். இது எவ்வளவு குறைவு என்பதற்கு ஸ்டேஷன் கட்டுவோரின் விதியே சான்று. ஸ்டேஷன் யார்டுகளில் 400-க்கு 1 என்ற சாய்வைத் தாண்டக் கூடாது, 1200-க்கு 1 ஆக இருந்தால் நல்லது என்பது இந்திய ரயில்வேயில் நெடுநாளாக உள்ள அளவு. நம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் 400-க்கு 1 சாய்விலேயே காற்று கொஞ்சம் தள்ளினால் பிரேக் இல்லாத வேகன் தானாகப் புறப்பட்டுவிடும். பலகையில் நம் மாடல் வேகன் இரண்டு சென்டிமீட்டருக்காகக் காத்திருந்ததே, நிஜ வேகனுக்குக் கால் சென்டிமீட்டர் போதும்.

இப்போது நிறுத்தும் கணக்கைப் பார்ப்போம். மலைப்பாதையில் ரயில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் அந்த வேகத்தில் போகும் நிஜ வேகனைக் கழற்றிவிட்டு, பிரேக்கும் போடாமல் விட்டால், உருட்டுத்தடை மட்டுமே அதை நிறுத்த வேண்டும். நிற்பதற்குள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போய்விடும். மாடலில் அது 20 மீட்டர். ஆனால் அளவுவீதப்படி சுருக்கிய வேகத்தில், அதாவது நொடிக்கு 9.6 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் மாடல் வேகனைக் கழற்றிவிட்டால் எவ்வளவு தூரம் போகும்? இரண்டரை சென்டிமீட்டர்கூடப் போகாது. 20 மீட்டர் ஓட வேண்டியது ஒரு கட்டைவிரல் அகலத்தில் நின்றுவிடுகிறது. வித்தியாசம் சுமார் 870 மடங்கு.

திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடித்தும் முதலில் அசையாது. பின்னால் நெம்புகோல் கொடுத்துத் தள்ளுவார்கள். ஒருமுறை உருண்டுவிட்டால் பிறகு நிறுத்துவதுதான் பெரும்பாடு. சக்கரத்துக்கு முன்னால் கட்டை போட்டுத்தான் தடுப்பார்கள். தெருவில் பிள்ளைகள் இழுக்கும் சின்னச் சப்பரமும் அதே உருவம்தான், அதே அலங்காரம்தான். ஆனால் இழுத்தவுடன் வரும், விட்டவுடன் நிற்கும். தூரத்திலிருந்து வடத்தையோ ஆட்களையோ பார்க்காமல் அசைவை மட்டும் பார்த்தாலே எது தேர், எது சப்பரம் என்று சொல்லிவிடலாம். வீடியோவில் மாடல் ரயில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அந்த 870 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு காரணங்கள் தனித்தனியாக நிற்கும்: பத்து மடங்கு, 87 மடங்கு. பத்து மடங்கு உராய்வால் வந்தது. அதைப் பலகையில் பார்த்துவிட்டோம். கூர்மையான முனையுள்ள நல்ல அச்சு, உலோகச் சக்கரம் போட்டால் இந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்கலாம். 87 மடங்கை யாராலும் குறைக்க முடியாது. அது புவியீர்ப்பின் வேலை.

ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மாடலில் ஐந்து மீட்டர் என்பது ஐந்தே முக்கால் சென்டிமீட்டர். அந்த உயரத்திலிருந்து விழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பார்க்கும் நமக்கு, ஒரு நொடியில் விழ வேண்டியது கண்சிமிட்டுவதற்குள் விழுந்துவிட்டது. மேசைமேல் உள்ள சின்ன உலகத்தில் ஒருவர் வாழ்ந்து, தம் அளவுகோலால் அளந்தால் அங்கே ஈர்ப்பு பூமியைப் போல் 87 மடங்கு இருப்பதாகச் சொல்வார். நீளத்தை நாம் சுருக்கினோம், ஈர்ப்பை யாரும் சுருக்கவில்லை. வேகன் பக்கவாட்டில் ஆடுவது, கரி கொட்டுவது, வேகன்களைக் கோக்கும் கப்ளிங் அதிர்வது எல்லாமே அதனால்தான் படபடவென்று நடக்கின்றன. உராய்வும் எடையின் பங்கு என்பதால் 87 மடங்கு கடுமையாகப் பிடித்து நிறுத்துகிறது.

பெரியதையும் சிறியதையும் ஒரே கணக்கில் பார்க்கக் கூடாது என்பதை 1638-இல் வெளியான நூலில் கலிலியோ விளக்கினார். உருவத்தைப் பெருக்கும்போது எடை வலிமையைவிட வேகமாகப் பெருகுகிறது என்று காட்டினார். அசைவுக்கான கணக்கைச் சோதனையில் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870-களில் டார்கி என்ற ஊரில் நீண்ட தொட்டி ஒன்று கட்டி, கப்பல்களின் சிறு மாடல்களை நீரில் இழுத்துப் பார்த்தார். மாடல் எழுப்பும் அலையும் நிஜக் கப்பல் எழுப்பும் அலையும் ஒரே வடிவில் இருக்க வேண்டுமானால், வேகத்தை நீளத்தின் விகிதத்தில் குறைக்கக் கூடாது, அதன் வர்க்கமூல விகிதத்தில்தான் குறைக்க வேண்டும் என்று கண்டார். நம் ரயிலுக்கு 87-இன் வர்க்கமூலம் 9.3. அப்படிப் பார்த்தால் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மாடல் ஓட வேண்டியது நொடிக்கு 9.6 சென்டிமீட்டர் அல்ல, 90 சென்டிமீட்டர்! சிறுவர்கள் தறிகெட்டு ஓட்டும் வேகம்தான் ஈர்ப்பின் கணக்கில் சரியான வேகம். அந்த ஓட்டத்தை 9.3 மடங்கு வேகமாகப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிக் காட்டினால் வேகமும் அளவுக்கு வந்துவிடும். ஆட்டமும் விழுதலும் நிஜம்போல் தெரியும். சினிமாவில் மாடல் கப்பல் மூழ்குவதையும் மாடல் பாலம் உடைவதையும் அதிவேகக் கேமராவில் எடுப்பது இந்தக் காரணத்தால்தான்.

கண் முன்னால் நேரடியாக ஓடும் ரயிலுக்கு இந்த வழி உதவாது. நம் கடிகாரத்தை மெதுவாக்க முடியாதே. ஆகவே வேகத்தை 87-ஆல் வகுத்துக்கொள்வது, ஈர்ப்பு கெடுத்ததை வேறு வழியில் சரிசெய்வது என்ற ஒப்பந்தத்துக்கு வர வேண்டியிருக்கிறது. மாடல் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. எதில் உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். வேகனின் பக்கத்தில் எழுதிய எண் சரியாக இருப்பதைவிட, அந்த வேகன் புறப்படுவதும் நிற்பதும் சரியாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி மலை. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும் சக்தியை முடிவு செய்வது குதிரைத்திறன் மட்டுமல்ல, சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பிடிமானமும்தான். உலர்ந்த தண்டவாளத்தில் எடையில் பத்தில் மூன்று பங்கு வரை எஃகு பிடித்துக்கொள்ளும். 72 டன் எஞ்சினுக்கு 21.6 டன் இழுவிசை. சமதளத்தில் 48 டன் வேகனுக்கு 96 கிலோ போதும். வெறும் கணக்கில் 225 வேகன் வருகிறது. கப்ளிங்கின் வலிமையும் பிரேக்கும் ஸ்டேஷன் லைனின் நீளமும் அவ்வளவுக்கு விடாது, ஆனாலும் எண் எண்தான். இதே எஞ்சின் 37-க்கு 1 ஏற்றத்தில் நின்றால்? டன்னுக்கு 27 கிலோ கூடுதலாக ஈர்ப்பு பின்னே இழுக்கும். இரண்டு கிலோ வேலை 29 கிலோ வேலையாகிவிடுகிறது. எஞ்சின் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளவும் இரண்டு டன்னுக்கு அருகில் செலவிட வேண்டும். மீதியில் இழுக்க முடிவது 14 வேகன். 225 எங்கே, 14 எங்கே!

மாடலில் 400 கிராம் எஞ்சின், பிடிமானம் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 80 கிராம் இழுவிசை. 100 கிராம் வேகனுக்குச் சமதளத்தில் இரண்டு கிராம். ஆக 40 வேகன். ஏற்றத்தில் வேகனுக்கு 4.7 கிராம், எஞ்சினின் பங்கு 11 கிராம் போக இழுப்பது 14 வேகன். மலையில் நிஜமும் மாடலும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. சமதளத்தில்தான் மாடல் தோற்றுப்போகிறது. சமதளத்திலேயே உராய்வோடு போராடும் வண்டிக்கு மலை இரண்டு மடங்கு சுமைதான். சமதளத்தில் வழுக்கிக்கொண்டு போகும் நிஜ வண்டிக்கு அதே மலை பதினைந்து மடங்கு சுமை. சாய்வு சுருங்காவிட்டாலும் மேசையில் மலையின் கடுமை ஏன் குறைந்துவிடுகிறது என்பதற்கு இதுதான் பதில். நிஜ அனுபவம் வேண்டுமென்றால் நல்ல அச்சு போட்டு உராய்வைக் குறைத்து, வேகன்களைக் கூட்ட வேண்டும்; எஞ்சின் மலையடிவாரத்தில் திணறும் அளவுக்கு வண்டி நீளமாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் இரண்டாவது எஞ்சினுக்கு வேலை வரும். மலைப்பாதையில் முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் இன்னொன்று தள்ளும். ரயில்வேக்காரர்கள் அதை ‘பேங்கர்’ என்பார்கள். இந்தப் பக்கத்தில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, சாரல். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குக் கூட்டத்தை அழைத்துவரும் அதே பூந்தூறல் தண்டவாளத்தின் மேல் உள்ள துருவோடும் எண்ணெயோடும் குழைந்து வழுவழுப்பான மெழுக்காகிவிடும். பலத்த மழை அதைக் கழுவிவிடும், தூறல் கழுவாது. பிடிமானம் பத்தில் மூன்றிலிருந்து ஒன்றரைக்கு இறங்கினால், 14 வேகன் இழுத்த எஞ்சினால் ஆறுதான் இழுக்க முடியும். அதனால்தான் எஞ்சினில் மணல் பெட்டி வைத்து, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவும் ஏற்பாடு இருக்கிறது. மேசையில் சாரலுக்குப் பதிலாக நம் விரல் எண்ணெய் அந்த வேலையைச் செய்துவிடும். தண்டவாளத்தைத் துடைத்த நாளுக்கும் துடைக்காத நாளுக்கும் உள்ள வித்தியாசம் ஏற்றத்தில் உடனே தெரியும்.

இறக்கம் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் இடைவெளி உண்டு. வண்டி புறப்படும்போது எஞ்சினிலிருந்து கடைசி வரை ‘டடக் டடக்’ என்று ஓடும் சத்தம் அந்த இடைவெளி இழுபடுவதால் வருவது. மாடலில் கப்ளிங்குக்கு ஒரு மில்லிமீட்டர் என்றாலும் முப்பது வேகனுக்கு மூன்று சென்டிமீட்டர். சமதளத்தில் எஞ்சின் இழுப்பதால் வண்டி நீண்டு இருக்கும். 37-க்கு 1 இறக்கத்தில் மாடல் வேகனை ஈர்ப்பு நூறில் 2.7 பங்கு முன்னே தள்ளுகிறது, உராய்வு 2 பங்கு பின்னே பிடிக்கிறது. மிச்சம் எஞ்சினை முட்டும். இறக்கம் தொடங்கும் இடத்தில் பாதி வண்டி முட்டிக்கொண்டும் பாதி வண்டி இழுபட்டும் நிற்க, வேகன்கள் சுருங்கி விரிந்து வெட்டிவெட்டி ஓடும். கடைசியில் உள்ள கார்டு வேனின் அச்சில் ஒரு துணுக்கு நுரைப்பஞ்சோ மெல்லிய கம்பிச் சுருளோ உரசும்படி வைத்துவிட்டால் போதும். அது பின்னாலிருந்து சன்னமாக இழுத்துப் பிடிக்க, வண்டி முழுக்க நீண்டு, சீராக இறங்கும். பிரேக் வேன் என்று பழைய நாளில் கடைசிப் பெட்டிக்குப் பெயர் வந்ததே இந்த வேலைக்காகத்தான். வேகன்களில் தொடர் பிரேக் இல்லாத காலத்தில் இறக்கத்தில் கார்டு கைப் பிரேக்கைத் திருகி வண்டியை விறைப்பாக வைத்திருப்பார்.

மிச்சமிருப்பது அந்த 87 மடங்கு. இழந்த கனத்தைத் திரும்பக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி, மோட்டாரின் தண்டில் ஒரு பித்தளைச் சக்கரத்தைப் பொருத்துவது. சுழலும் பொருளின் ஆற்றல் சுழலும் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதனால் மெதுவாகச் சுழலும் அச்சில் வைக்காமல், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் மோட்டாரில் வைத்தார்கள். கட்டைவிரல் நக அளவுள்ள பித்தளை, மின்சாரம் அறுந்தாலும் எஞ்சினைச் சில சென்டிமீட்டர் கொண்டுபோகும். நல்ல உத்திதான், ஆனால் 20 மீட்டர் எங்கே!

புதிய வழி எஞ்சினுக்குள் ஒரு சில்லு. டிசிசி என்ற முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் திசை மாறி மாறித் துடிக்கும். ஒவ்வொரு பாதித் துடிப்பும் 58 மைக்ரோநொடி என்றால் ‘ஒன்று’, 100 மைக்ரோநொடிக்கு மேல் என்றால் ‘சுழி’. இந்த ஒன்றும் சுழியும் சேர்ந்து எந்த எஞ்சினுக்கு என்ன கட்டளை என்று சொல்கின்றன. சில்லு அதைப் படித்து மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிறது. நாம் கைப்பிடியைச் சட்டென்று திருகினாலும், ‘இந்த வண்டி ஆயிரம் டன்’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தால் ஒவ்வொரு படியாக, அரை நிமிடம் எடுத்துத்தான் வேகம் பிடிக்கும். நிறுத்தும்போதும் அப்படியே. இல்லாத கனத்தைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறது.

அது எப்படிச் சீராக முடிகிறது? வளைவிலும் ஏற்றத்திலும் சுமை மாறும்போது வேகம் தடுமாற வேண்டுமே. சில்லு ஓர் அழகான வேலை செய்கிறது. நொடிக்குப் பல முறை, கண்ணுக்குத் தெரியாத சிறு பொழுது மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தப் பொழுதில் ஜெனரேட்டராகிவிடுகிறது. அது கொடுக்கும் மின்னழுத்தம் எவ்வளவோ அவ்வளவு வேகம். வேண்டிய வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அடுத்த துடிப்பில் கொஞ்சம் அதிகம் கொடுக்கும். எதிர் மின்னியக்குவிசை என்று பாடப்புத்தகத்தில் படித்த சமாசாரம்தான், இங்கே வேகமானியாக வேலை செய்கிறது. இந்த உபாயம் இல்லாவிட்டால் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஏற்றத்தில் நகரும் கூட்ஸ் வண்டியைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

வேகம் சரிதானா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்கப் பத்தரை நொடி ஆக வேண்டும். பதின்மூன்று கண் பாலத்தில் எஞ்சின் ஏறியது முதல் இறங்குவது வரை கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நொடிக்குக் குறைந்தால் டிரைவர் வேகக் கட்டுப்பாட்டை மீறிவிட்டார் என்று அர்த்தம்.

எந்தக் காலத்தை மாடலாக்குவது என்று கேட்டால் அறுபதுகளையும் எழுபதுகளையும்தான் சொல்வேன். இன்று சரக்கு என்றால் முழு வண்டியும் ஒரே பொருள், ஓர் இடத்தில் ஏற்றி ஓர் இடத்தில் இறக்குவது. அன்று ஒற்றை வேகன் கணக்கு. கொல்லத்திலிருந்து முந்திரி ஒரு வேகன், புனலூரில் காகிதம் ஒரு வேகன், எதிர்த் திசையில் தாழையூத்துச் சிமெண்ட் ஒரு வேகன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொண்டால், செங்கோட்டை யார்டில் எந்த வேகனைக் கழற்றி எதில் கோப்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். பேங்கரைச் சேர்க்க வேண்டும், வேக்குவம் பிரேக்கில் வெற்றிடம் உருவாகும்வரை காத்திருந்து பிரேக் பார்க்க வேண்டும், எதிரே வரும் பாசஞ்சர் ஆரியங்காவைக் கடக்கும்வரை பக்கத்து லூப் லைனில் நிற்க வேண்டும். பத்து மீட்டர் பாதையில் ஒரு வண்டியை அனுப்ப அரைமணி ஆகிவிடும். அந்த அரைமணியில் வண்டி ஓடும் நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவுதான்.